திங்கட்கிழமை மௌனமும் மூன்று பலகையும்

போன மாதம் என்னை ஒரு மேடையில் உட்கார வைத்து, மாலை போட்டு, என் மன உறுதியைப் பற்றி என் எதிரிலேயே வெகுநேரம் பேசினார்கள். அதில் பாதி நடக்காதது. மீதி வேறு மாதிரி நடந்தது. ஆனால் அன்றைக்குத் திங்கட்கிழமை. திங்கட்கிழமையில் நான் வாய் திறப்பதில்லை. மறுக்க வழியில்லாமல் மாலையோடு உட்கார்ந்திருந்தேன்.

நான் அரசாங்கத்தில் வாய்க்கால் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது அதைப் பாசன உதவியாளர் என்று மரியாதையாக எழுதுகிறார்கள். வேலை என்னவோ ஒன்றுதான். கரையோடு சைக்கிளில் போய், திறந்திருக்க வேண்டிய மதகு திறந்திருக்கிறதா, அடைத்திருக்க வேண்டியது அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூதலூருக்கும் திருவையாற்றுக்கும் நடுவே ஓடும் ஒரு வாய்க்காலிலேயே என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. தலைமடையில் மேலப்படுகை என்ற ஊர், கடைமடையில் கோரைத்திடல். இந்த இரண்டு ஊருக்கும் இடையில் தண்ணீரும் நானும் போய் வந்துகொண்டிருந்தோம். தண்ணீர் பல நாள் போய்ச் சேராது. நான் சேர்ந்துவிடுவேன்.

இப்போது புதிதாகப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். ஷட்டருக்கு மோட்டார் வந்துவிட்டது, தண்ணீர் மட்டம் போனிலேயே தெரிகிறது. பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்து, இலக்கை அடையச் சுய கட்டுப்பாடு எப்படி வேண்டும் என்று சொல்லித் தருவதாக ஏற்பாடு. உதவிப் பொறியாளர் அம்மா, என் மகள் வயதுதான் இருக்கும், போன் செய்தார்.

"ஐயா, நீங்க வந்து பேசணும். உங்க மௌன விரதத்தைப் பத்தி இந்தப் பக்கம் சொல்லாதவங்களே இல்ல."

"திங்கக்கெழமன்னு சொல்றீங்களேம்மா. அன்னிக்கு நான் பேச மாட்டேனே."

 அந்த அம்மா சந்தோஷமாக, "அதுவும் நல்லதா போச்சுங்கய்யா. நீங்க வந்து பேசாம உக்காந்திருங்க. அதுவே பெரிய பாடம்" என்றார்.

என் மனைவி காமாட்சி இதைக் கேட்டுவிட்டு, "போயிட்டு வாங்க. சும்மா உக்காந்தா சால்வை போடறாங்கன்னா விடுவாங்களா?" என்றாள்.

மேடையில் அந்த அம்மா என்னைப் பற்றி மூன்று சங்கதி சொன்னார். நான் கோபத்தை ஜெயித்தவன். இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட விரதம் தவறாதவன். என் மௌனத்தைப் பார்த்தே தலைமடைக்காரர்கள் பலகையில் கை வைக்கப் பயப்படுவார்கள். மூன்றாவது மட்டும் நிஜம். அது எப்படி நிஜமாயிற்று என்று அங்கே சொல்ல முடியவில்லை. ஓய்வு பெற்றோர் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் வெகுநாளாய் நச்சரித்துக் கொண்டிருந்தார். மறுநாள் செவ்வாய்க்கிழமை விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன், முடிக்கத்தான் இத்தனை நாளாயிற்று.

நான் எட்டாவது வரை படித்தவன். வேலையில் சேர்ந்த புதிதில் மூத்த லஸ்கர் ஒருவர் பின்னால் சைக்கிள் மிதித்தேன். கேஜ் கல்லில் தண்ணீர் மட்டம் பார்க்க, ஷட்டர் திருகுக்குக் கிரீஸ் வைக்க, கரையில் நண்டு வளை தெரிந்தால் அன்றைக்கே மிதித்து அடைக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் அவர், "ஒன் தொண்டை எப்படிடா?" என்று கேட்டார். கத்திக் காட்டினேன். "பொழச்சுக்குவே" என்றார். பயிற்சி அத்துடன் முடிந்தது.

தொண்டை எதற்கு என்று புதுப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வாய்க்கால் தலைப்பில் இருக்கிற பெரிய ஷட்டருக்குத்தான் பூட்டும் சங்கிலியும். அங்கிருந்து கீழே, வயல்களுக்குப் பிரிகிற சின்ன மதகுகளில் அப்போது இரும்பே கிடையாது. இரண்டு பக்கத் தூணிலும் காடி வெட்டியிருக்கும். அந்தக் காடியில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பலகையை இறக்கி, சந்தில் வைக்கோலும் களிமண்ணும் திணித்தால் மதகு அடைத்தாயிற்று. மேல் பலகையை ஒரு பிள்ளைகூடத் தூக்கிவிடலாம். அந்தப் பலகைகளுக்குப் பூட்டு லஸ்கருடைய வாய்தான்.

கத்துவதற்கும் ஒரு முறை உண்டு. வாய்க்கால் பாலத்தின் மேலே சைக்கிளை நிறுத்தி, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்ட வேண்டும். மூச்சை வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். முதலில் மதகின் பெயர், அடுத்து பலகையை எடுத்தவன் பெயர், அடுத்து அவன் தகப்பன் பெயர். அதற்குப் பிறகு வருவதை இந்த மலரில் அச்சிட மாட்டார்கள். என் குரல் மூன்று மதகு தாண்டிக் கேட்கும். நான் இங்கே ஒருவனைத் திட்டினால், அங்கே மூன்றாவது மதகில் பலகையைக் கையில் பிடித்திருப்பவன் தானாகவே காடியில் போட்டுவிடுவான். தொம் என்று ஒரு சத்தம் வரும். அதற்கப்பால் இன்னொரு தொம். அதற்கப்பால் இன்னொன்று. நான் போகாமலே வாய்க்கால் அடைபட்டுக்கொண்டே போகும். சர்க்கார் சைக்கிளுக்கு அலவன்ஸ் கொடுத்தது. தொண்டைக்குக் கொடுக்கவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் செக்‌ஷன் ஆபீசர் ஞானப்பிரகாசம் சார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யார் என்ன புகாரோடு வந்தாலும் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியால் மெதுவாகத் துடைக்க ஆரம்பிப்பார். துடைத்துக்கொண்டே ஒரே ஒரு வார்த்தைதான் கேட்பார்: "அப்புறம்?" நாம் ஏதாவது சொல்வோம். மறுபடி, "அப்புறம்?" சொல்ல வைத்திருந்ததெல்லாம் தீர்ந்துபோய், சொல்லக் கூடாது என்று வைத்திருந்தது வெளியே வருகிற வரைக்கும் அவர் கண்ணாடியில் தூசி இருக்கும்.

மேலப்படுகையில் ரத்தினம் என்று ஒரு மிராசுதார். எந்தக் கோயில் காரியமானாலும் முன்னால் நிற்பவர். வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டுச் சேறு பார்க்க முடியாது. கெட்ட வார்த்தை அவர் வாயில் வராது. நல்ல வார்த்தை சொல்லியே தண்ணீர் எடுத்துவிடுவார். நான் அவரைத் திட்டிவிட்டேன் என்று ஆபீசுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவர் பலகைய எடுத்தாரு சார்" என்றேன்.

"அப்புறம்?"

"நான் கேட்டேன் சார்."

"அப்புறம்?"

"கொஞ்சம் சத்தமா கேட்டேன்."

"அப்புறம்?"

"இவரு அப்பாவைப் பத்தியும் கேட்டேன் சார்."

"அப்புறம்?"

"...தாத்தாவைப் பத்தியும்."

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "தங்கராசு, நீங்க செஞ்ச வேலை சரி. பேசின பேச்சு சரியில்ல. அடுத்த தடவ எழுதிக் கொடுத்தாங்கன்னா நான் மேல அனுப்பித்தான் ஆகணும்." பிறகு ரத்தினத்தின் பக்கம் திரும்பி, கண்ணாடியை மறுபடி கழற்றினார். "நீங்க சொல்லுங்க. பலகைய எடுத்தீங்க. அப்புறம்?" ரத்தினம் அதற்குமேல் அங்கே உட்காரவில்லை.

அந்த எச்சரிக்கைகூட எனக்கு உறைக்கவில்லை. உறைத்தது வீட்டில். அப்போது என் மகளுக்குப் பேச்சு நன்றாக வந்த புதிது. கொல்லையில் ஆடு ஒன்று கீரைப் பாத்தியில் வாய் வைத்தது. பிள்ளை பாவாடையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, துவைக்கிற கல் மேலே ஏறி நின்று, முதலில் ஆட்டின் பெயர், அடுத்து ஆட்டின் அப்பன் பெயர் என்று வரிசையாக ஆரம்பித்தாள். மூச்சுகூட வயிற்றிலிருந்து. அச்சிட முடியாததையும் விடவில்லை.  காமாட்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஆட்டோடு வெளியே நின்றேன்.

அன்றைக்குத் தீர்மானித்தேன், இந்த வாயைக் கட்ட வேண்டும் என்று. மகள் பெரியவளாகி இன்னொரு வீட்டுக்குப் போவதற்குள் என் வாய் சுத்தமாகிவிட வேண்டும். என் வாழ்க்கையில் நானாக வைத்துக்கொண்ட ஒரே லட்சியம் அதுதான். மற்றதெல்லாம் மேட்டூரிலிருந்து வந்த உத்தரவு.

முதலில் வாயில் கிராம்பு வைத்துக்கொண்டேன். கத்தும்போது அது தொண்டைக்குள் போய், இரண்டு பேர் முதுகில் குத்தித்தான் எடுத்தார்கள். குத்தினவர்களில் ஒருவன் நான் திட்டிக்கொண்டிருந்த ஆளேதான். பிறகு, கோபம் வந்தால் பத்து தடவை நமசிவாய சொல்லிவிட்டுத்தான் பேசுவது என்று வைத்துக்கொண்டேன். இது முன்னைவிட மோசமாயிற்று. பத்தாவது நமசிவாய வருவதற்குள் நல்ல நல்ல வசவாகத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பேன். ஈசன் பெயரை அதற்குப் பயன்படுத்தினேனே என்று இன்றைக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.

கடைசியில் திருவையாறு போய், ஐயாறப்பர் சன்னதியில் நின்று சொன்னேன். "சாமி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க எனக்குத் தெரியவில்லை. சோமவாரம் உன்னுடைய நாள். திங்கட்கிழமை குளித்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் நான் வாயே திறக்க மாட்டேன். நீ பார்த்துக்கொள்."

ஆரம்பத்தில் உயிர் போயிற்று. டீக்கடையில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்ல முடியாமல் பாகு மாதிரி டீ குடித்தேன். வேண்டுமென்றே வழியில் நிறுத்தி மணி கேட்பார்கள். வீட்டில் இன்னொரு வகை. காமாட்சி தன் வேண்டுகோள்களை எல்லாம் திங்கட்கிழமைக்கு ஒதுக்கி வைத்துக்கொள்ளத் தொடங்கினாள். "ஏங்க, என் தம்பிய பத்து நாளைக்கு இங்க வந்து இருக்கச் சொல்லட்டுமா? வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க." நான் கையை ஆட்டுவேன். "சரிங்க, வரச் சொல்லிடறேன்." அவள் தம்பி அந்த வருஷம் எங்கள் வீட்டில் இருந்த அளவுக்கு அவன் வீட்டில் இருந்ததில்லை. இதே தந்திரம் பிறகு என் வாய்க்காலுக்கும் வரப் போகிறது என்று நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

ஆனாலும் விடாமல் பிடித்துக்கொண்டேன். மாதங்கள் போகப் போக மௌனம் பழகிவிட்டது. மற்ற நாள்களிலும் வாய் கொஞ்சம் அடங்கியது. "புகாரே வர்றதில்ல. உடம்பு சரியில்லையா தங்கராசு?" என்று சார் விசாரித்தார். கரையில் போனால் கும்பிட்டார்கள். மௌனசாமி என்று பெயர் வைத்தார்கள். மௌனம் ருசித்தது. மௌனத்துக்குக் கிடைத்த மரியாதை அதைவிட ருசித்தது. என் நெற்றியில் திருநீற்றுப் பட்டை வாரத்துக்கு வாரம் அகலமாகிக்கொண்டே போனதைக் காமாட்சிதான் கவனித்துச் சொன்னாள்.

அப்படி இருக்கும்போது தண்ணீர் குறைவான ஒரு வருஷம் வந்தது. சம்பாப் பயிர் பாதி வளர்த்தியில் நிற்க, ஆற்றில் விடுகிற தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். முறை வைத்துப் பாய்ச்ச வேண்டியதாயிற்று. திங்களும் செவ்வாயும் வழியில் எல்லா மதகையும் அடைத்துக் கடைமடைக்கு விடுவது, மற்ற நாள் தலைமடைக்கும் நடுமடைக்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காய்ந்து கிடக்கும் வாய்க்கால் முதல் நாள் தண்ணீரைத் தானே குடித்துவிடும். அது குடித்து நனைந்த பிறகுதான் இரண்டாம் நாள் தண்ணீர் மேலே ஓடிக் கடைமடைக்குப் போய்ச் சேரும். திங்கட்கிழமைத் தண்ணீர் களவு போனால் செவ்வாய்க்கிழமைத் தண்ணீர் வாய்க்காலுக்கே காணாது.

சார் முறையைப் படித்துச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "திங்கக்கெழம உங்களுக்கு விரதமாச்சே?"

"வாய்தான் சார் விரதம். கையும் காலும் சும்மாதான இருக்கு" என்றேன் பெருமையாக.

"அப்புறம்?" என்றார் சார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.

அப்புறம் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் திங்கட்கிழமை மேலப்படுகை மதகடியில் ரத்தினம் நின்றுகொண்டிருந்தார். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலையும் வாழைப்பழமும். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு என்னைக் குனிந்து கும்பிட்டார்.

"சாமி, பயிரு வாடுது. மேல் பலகைய மட்டும் எடுத்துக்கறேன். கூடாதுன்னா ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

கூடாது என்று இரண்டு கையையும் ஆட்டினேன்.

ரத்தினம் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களாடா, ரெண்டு கையாலயும் ஆசீர்வாதம் பண்றாங்க."

பலகையை நானே இறக்கினேன். சந்தை அடைத்தேன். அடுத்த மதகுக்குப் போனேன். அங்கேயும் தாம்பாளம். நான் கீழே போனால் மேலே எடுப்பார்கள், மேலே வந்தால் கீழே எடுப்பார்கள். என்னைப் பார்த்தவுடன் கும்பிட்டுவிட்டு விலகிக்கொள்வார்கள். இந்தத் தஞ்சாவூர்ச் சீமையிலேயே அவ்வளவு பக்தியாகத் தண்ணீர் திருடினவர்கள் இருக்க மாட்டார்கள். விளக்கு வைத்தவுடன் நான் பாலத்தில் ஏறிக் கத்துவேன். வயலுக்குள் பாய்ந்துவிட்ட தண்ணீர் கத்தினால் திரும்பியா வரும்? இப்படி இரண்டு முறை போயிற்று. விரதத்தை நிறுத்தலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. ஆனால் இவ்வளவு நாள் காத்த விரதம். பெயர் வேறு வந்துவிட்டது.

மூன்றாவது திங்கட்கிழமை உச்சிப் பொழுதில், வாய்க்காலின் உள்ளேயே நடந்து ஒரு பெண் மேலே வந்தாள். நான் முதலில் பார்த்தது அவள் காலை. முழங்கால் வரைக்கும் வெள்ளைப் புழுதி. சம்பாக் காலத்தில் எங்கள் பக்கம் ஒருவர் காலில் சேறு இல்லாமல் புழுதி இருந்தால் கடைமடைக்காரர் என்று அர்த்தம், கேட்கவே வேண்டாம்.

அவள் கோரைத்திடல் அஞ்சலை. நடவுக்கும் களையெடுப்புக்கும் ஊரூராகப் போகிறவள், எனக்குத் தெரியும். அந்த வருஷம்தான் முதல் தடவையாகக் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துத் தன் பேரில் சம்பா நட்டிருந்தாள். பயிர் பொதி கட்டுகிற நேரம். அந்தத் தண்ணீர் தவறினால் கதிர் வெளியே வரும், உள்ளே மணி இருக்காது.

"லஸ்கரய்யா, தண்ணி எங்க நிக்கிதுன்னு கேட்டுக்கிட்டே வர்றேன். எல்லாரும் மேல மேலங்கறாங்க. இதுக்கு மேல ஆறுதான் இருக்கு."

நான் வாயில் விரல் வைத்துக் காட்டி, வானத்தைக் காட்டிக் கும்பிட்டேன்.

"என்ன, தொண்ட கட்டிக்கிச்சா?"

"சாமி விரதம். திங்கக்கெழம பேச மாட்டாங்க" என்றான் ரத்தினத்தின் ஆள்.

"திங்கக்கெழமதான எங்க மொற?"

 அவள் கரையில் சாத்தி வைத்திருந்த பலகையைப் பார்த்தாள். பிறகு வயலுக்குள் பாய்கிற தண்ணீரைப் பார்த்தாள்.

"அப்ப எங்க மொறைக்குன்னு பாத்து ஊமை லஸ்கரா?"

"தங்கச்சி, சாமி முன்னாடி சத்தம் போடக் கூடாது" என்றார் ரத்தினம், தாம்பாளத்தோடு. "சாமி தடுக்கல. ஒரு வார்த்தை தடுத்திருந்தாங்கன்னா நாங்க தொட்டிருப்பமா?"

அஞ்சலை என்னிடம் திரும்பினாள். "நெசமா? நீங்க தடுக்கலியா?"

தலையை ஆட்டினேன். கையை ஆட்டினேன்.

"ஆமாங்கறீங்களா, இல்லங்கறீங்களா? வெளங்கல."

பிறகு அவளே பாலத்தின் மேலேறிக் கத்தினாள், பலகையப் போடுங்க என்று. குரல் எட்டத்தான் செய்தது. அடுத்த மதகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். இறங்கி வந்து என் சைக்கிள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் சத்தமாகப் பேசவில்லை.

"ஊரான் வயல்லயே நட்டுப் பழகின கை. இதுதான் எனக்குன்னு நட்டது. வெரதம் நல்லதுதாங்கய்யா, நானும் ஆடி வெள்ளிக்கு இருக்கறவதான். ஆனா என் வெரதத்துக்கு நான் பட்டினி கெடப்பேன். அடுத்தவங்களப் பட்டினி போட மாட்டேன்."

இந்த இடத்தில், ஐயாறப்பரை மனதில் நினைத்து, நன்மை தீமையைச் சீர்தூக்கிப் பார்த்து முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கால் பாலத்தின் மேலே நின்றது. துண்டு இடுப்பில் இருந்தது. மூச்சு வயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது.

அத்தனை மாதத் திங்கட்கிழமையும் உள்ளே சேர்ந்திருந்தது போலிருக்கிறது, ஒன்றுகூட வீணாகாமல் வரிசையாக வந்தது. ரத்தினம், அவர் அப்பா, அவர் தாத்தா. அதற்கு மேலே, பெயர் அவருக்கே தெரியாத முன்னோர் வரைக்கும் போய் வந்தேன். அவர் கையிலிருந்த தாம்பாளம் சரிந்து வாழைப்பழம் வாய்க்காலில் விழுந்து மிதந்தது. கழற்றிப் போட்டிருந்த பலகையை அவரே, வெள்ளை வேட்டியோடு, தண்ணீரில் இறங்கிக் காடியில் இறக்கினார். தொம். அதற்கப்பால் அடுத்த மதகில் தொம். அதற்கப்பால் ஒன்று. அதற்கும் அப்பால், காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஒன்று. தண்ணீர் ஒரு கணம் நின்று, சுழித்து, கீழ்ப்பக்கம் திரும்பியது. வாழைப்பழங்கள் அதோடு கோரைத்திடலுக்குப் புறப்பட்டன.

அஞ்சலை எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "இப்படி ஒரு வாய வெச்சுக்கிட்டா பூட்டிப் போட்டிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தண்ணீருக்குப் பின்னாலேயே கரையில் நடந்து போனாள்.

பேசினதுதான் பேசினோம் என்று அன்றைக்கு முழுவதும் பேசினேன். மறுநாளும் எந்தப் பலகையும் அசையவில்லை. செவ்வாய்க்கிழமை பொழுது சாய்வதற்குள் தண்ணீர் கடைமடையில் ஏறிவிட்டது.

புதன்கிழமை ஆபீசுக்குப் போனேன். ரத்தினம் புகார் கொடுப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்று. சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"விரதம் போச்சு சார்."

"அப்புறம்?"

"வார்த்தையும் தப்பாத்தான் சார் வந்துச்சு. முன்ன விட மோசம்."

"அப்புறம்?"

"அவர் தாத்தாவுக்கும் மேல போயிட்டேன் சார்."

"அப்புறம்?"

 "அப்புறம் தண்ணி போச்சு சார்."

துடைப்பது நின்றது. "கோரைத்திடல் வரைக்குமா?"

"வரைக்கும் சார்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பியூனைக் கூப்பிட்டு இரண்டு டீ சொன்னார். லஸ்கருக்கு அவர் டீ சொல்லி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. குடித்து முடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. என் உத்தியோகத்தில் நான் இருந்த நல்ல மௌனம் அதுதான்.

ரத்தினம் புகாரே கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. என்னிடம் வசவு வாங்கின மறுநாள் அவருடைய பம்ப் செட் மோட்டார் புகைந்து உள்ளே காயில் எரிந்துபோய்விட்டது. மதகு அடைத்ததால் வறண்டுபோன வயல் வாய்க்காலில் குழாயைப் போட்டு ஓட விட்டால் போகாமல் என்ன செய்யும்? மெக்கானிக்கும் அதைத்தான் சொன்னார். கேட்க ஆளில்லை. மாதக்கணக்கில் மௌனமிருந்த வாயிலிருந்து வந்த சொல், பலித்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. ரத்தினமே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பக்தியோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் திங்கட்கிழமையில் என் வாய்க்காலில் ஒரு பலகை எழும்பவில்லை. யாராவது கை வைத்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். துண்டை எடுத்து இடுப்பு வரைக்கும் கொண்டு போவேன். தொம்! என் சுய கட்டுப்பாட்டுக்கு இந்தப் பக்கத்தில் இருக்கிற இவ்வளவு பெயரும், அது என்னை விட்டுப் போன அந்த ஒரு நாளில் வந்தது. இதைத்தான் அந்த அம்மா ஒரு முறைகூடத் தவறாதவர் என்றார்.

அறுவடை முடிந்து அஞ்சலை வீட்டுக்கு வந்தாள். ஒரு சின்ன முறத்தில் புது அரிசி. "ஐயாறப்பருக்குப் பொங்கி வெச்சுக் கும்பிடுங்க. வெரதத்த முறிச்சது நான்தான்னு சொல்லுங்க, நீங்க இல்லன்னு" என்றாள். காமாட்சிதான் பொங்கினாள். நான் சன்னதியில் நின்று அஞ்சலை சொன்னதைச் சொல்லவில்லை. "சாமி, முறிந்தது முறிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆனால் மதகடியில் அவசியம் வந்தால் பேசிவிடுவேன், பொறுத்துக்கொள்" என்று வேண்டிக்கொண்டேன். சாமியிடமே நிபந்தனை போட்ட ஆள் நான். அந்த நிபந்தனைக்கு ஓய்வு பெறுகிற வரைக்கும் தேவையே வரவில்லை. கோபம் போயிற்றா என்றால் அதைக் காமாட்சியிடம்தான் கேட்க வேண்டும். மகளை மட்டும் நல்ல இடத்தில் கொடுத்தோம். அவள் வீட்டில் ஆடு இல்லை.

மறுபடி மேடைக்கு வருகிறேன். என்னைப் பற்றிப் பேசி முடித்ததும் பயிற்சி கொடுக்க வெளியூரிலிருந்து வந்தவர் மைக்கை வாங்கினார். பொன்னாடையும் மாலையுமாக உட்கார்ந்திருந்த என்னைக் காட்டி, "இப்ப நாம எல்லாரும் ஐயா மாதிரி பத்து நிமிஷம் கண்ணை மூடி மௌனமா இருக்கப் போறோம். என்ன சத்தம் கேட்டாலும் கண்ணைத் திறக்கக் கூடாது" என்றார். பிள்ளைகள் கண்ணை மூடின. பொறியாளர் அம்மாவும் மூடிக்கொண்டார். லஸ்கருக்குப் பகலில் கண்ணை மூடிப் பழக்கமில்லை. நான் திறந்தே வைத்திருந்தேன்.

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உள்ளே பார்த்தார். பயிற்சிக்காரர் அவரைப் பார்த்து வாயில் விரல் வைத்துக் காட்டி, ஓர் ஓரமாக உட்காரும்படி கையால் சொன்னார். அவர் உட்காரவில்லை. ஏதோ சொல்ல உதடு அசைந்தது. பயிற்சிக்காரர் விரலை இன்னும் அழுத்தி வைத்தார்.

நான் அவர் காலைப் பார்த்தேன். முழங்கால் வரைக்கும் வெள்ளைப் புழுதி.

பத்து நிமிஷம் பெரிய நேரமில்லை. எனக்குத் தெரியும். அவர் காத்திருந்தால் பயிர் ஒன்றும் அதற்குள் கருகிவிடாது. மனதுக்குள் நமசிவாய சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் அவர் பார்வை மேடைக்கு வந்தது. மாலையைப் பார்த்தார், திருநீற்றைப் பார்த்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டார்.

அந்தக் கும்பிடு இல்லாவிட்டால் சமாளித்திருப்பேன். குனிந்து பார்த்தபோது பொன்னாடை என் இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தது.

"யோவ், எந்த மதகு?"

மூன்று மதகு தாண்டிக் கேட்கிற குரல். அந்தக் கூடத்தில் நாலே சுவர்தான். பயிற்சிக்காரர் மைக்கை நழுவ விட்டார். பொறியாளர் அம்மா கண்ணைத் திறந்தார்.

"கோரைத்திடலுக்கு மேல் மதகுங்கய்யா!" வாசலில் நின்றவரும் கத்தினார். "மோட்டார் சுத்துது, ஷட்டர் ஏறல! ஆகாயத்தாமரை அடைச்சுக்கிட்டு நிக்கிது! போன்ல தெறந்துருக்குன்னே காட்டுதாம், எங்க சொன்னாலும் நம்ப மாட்டேங்கறாங்க!"

நான் பிள்ளைகள் பக்கம் திரும்பி மூச்சை இழுத்தேன். இழுத்ததோடு சரி, ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பையன் துள்ளி எழுந்து வாசலுக்குப் பாய்ந்தான், அவன் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. தொம். அவனுக்குப் பின்னால் இன்னொன்று. அதற்கப்பால், கதவோரத்தில், இன்னொன்று.